வளர்ச்சி ஹார்மோன் ஊசியும் தைராய்டு குறைவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்பவர்களில் பலருக்குத் தைராய்டு மாத்திரையும் கூடவே ஓடிக்கொண்டிருக்கும். வீக்கம், மூட்டுவலி, கை மரத்துப்போதல், அசதி என்று ஏதாவது வந்தால் பழி பெரும்பாலும் ஊசியின் மேல்தான் விழுகிறது. பல சமயம் உண்மைக் காரணம் தைராய்டாக இருக்கும்; சில சமயம் இரண்டும் சேர்ந்திருக்கும். எதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதுதான் கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி. இங்கே தரப்படும் அளவுகள் வழக்கத்தில் உள்ளவை. உங்களுக்கான அளவை உங்களைப் பரிசோதிக்கும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தைராய்டு குறைவாக இருப்பவர் வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாமா?

போடலாம். தைராய்டு குறைவு இதற்குத் தடை இல்லை. ஆனால் தைராய்டைச் சரிசெய்த பிறகுதான் ஊசியைத் தொடங்க வேண்டும். சரிசெய்யாமல் தொடங்கினால் இரண்டு நஷ்டம்: ஊசி முழுப் பலன் தராது, பக்கவிளைவு வந்தால் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

அதற்கும் முன்னால் இன்னொரு விஷயம். வளர்ச்சி ஹார்மோன் குறைவு என்ற முடிவே சரியா என்று பாருங்கள். தைராய்டு குறைவு சிகிச்சையின்றி இருக்கும்போது வளர்ச்சி ஹார்மோன் தூண்டல் பரிசோதனை (மருந்து கொடுத்து ஹார்மோனைச் சுரக்கவைத்து அளப்பது) செய்தால், அதைச் சுரக்கும் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரி மந்தமாகவே பதில் சொல்லும். உண்மையில் குறைபாடு இல்லாத குழந்தைக்கும் 'குறைபாடு' என்று ரிப்போர்ட் வந்துவிடும். தைராய்டு மாத்திரையை மட்டும் கொடுத்தே வளரத் தொடங்கும் குழந்தைகள் உண்டு. எனவே தைராய்டு அளவுகள் சீரான பிறகு எடுத்த தூண்டல் பரிசோதனைதான் நம்பத்தக்கது.

வளர்ச்சி ஹார்மோன் தைராய்டை என்ன செய்கிறது?

தைராய்டு சுரப்பி பெரும்பாலும் டி4-ஐத்தான் வெளியிடுகிறது. அது சேமிப்பு வடிவம். திசுக்களில் அதிலிருந்து ஓர் அயோடின் அணு கழன்று டி3 ஆகும்போதுதான் வேலை நடக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் இந்த மாற்றத்தை வேகப்படுத்துகிறது. ஆகவே ஊசி தொடங்கிய சில வாரங்களில் ரத்தத்தில் ஃப்ரீ டி4 (புரதத்தோடு ஒட்டாமல் தனியே இருக்கும் டி4) இறங்கும். டி3 சற்று ஏறும் அல்லது அப்படியே நிற்கும். கூடவே மூளையில் சொமாட்டோஸ்டாட்டின் என்ற தடுப்பு ஹார்மோனும் கூடுவதால், பிட்யூட்டரியிலிருந்து வந்து தைராய்டு சுரப்பியை உசுப்பும் டி.எஸ்.எச். கொஞ்சம் அடங்கும்.

சுரப்பியும் பிட்யூட்டரியும் நன்றாக இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. ஃப்ரீ டி4 1.4-இலிருந்து 1.2-க்கு வரும், அறிகுறி எதுவும் இருக்காது, மாத்திரையும் தேவைப்படாது. சிக்கல் பிட்யூட்டரியில் கோளாறு உள்ளவர்களுக்குத்தான்.

அப்படியென்றால் ஊசியால் தைராய்டு கெட்டுப்போகிறதா?

இல்லை. ஏற்கெனவே ஒளிந்திருந்த குறைவு வெளியே தெரிகிறது, அவ்வளவே. பிட்யூட்டரி கட்டி அறுவை சிகிச்சை, தலைக்குக் கதிர்வீச்சு, பிறவியிலேயே பிட்யூட்டரி சரியாக உருவாகாமை, தலையில் பலத்த அடி: இவற்றுக்குப் பிறகு வளர்ச்சி ஹார்மோன் குறைந்தவர்களுக்கு டி.எஸ்.எச். சுரப்பும் அரைகுறையாக இருக்கக்கூடும். இருக்கிற டி4-ஐ வைத்து உடல் சமாளித்துக்கொண்டிருக்கும். ஊசி வந்ததும் டி4 வேகமாகச் செலவாகிறது. ஈடுகட்டப் பிட்யூட்டரியால் முடியவில்லை. அப்போதுதான் அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி எல்லாம் தலைகாட்டும். கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு இது சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் வரலாம்.

என் டி.எஸ்.எச். நார்மல் என்று ரிப்போர்ட் சொல்கிறது. கவலை இல்லைதானே?

இந்தக் கேள்வியில்தான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள்.

தைராய்டு குறைவு இரண்டு வகை. சுரப்பியே பழுதானது முதல் வகை. உடலின் எதிர்ப்புச்சக்தியே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய் இதில் அடிக்கடி வருவது. இதில் டி.எஸ்.எச். ஏறும், அதைப் பார்த்தே மாத்திரை அளவை நிர்ணயிக்கலாம். சுரப்பி நன்றாக இருந்து, அதற்கு உத்தரவு தரும் பிட்யூட்டரி பழுதானது இரண்டாவது வகை; இதை மைய வகை என்பார்கள். இதில் டி.எஸ்.எச். குறைவாகவோ, நார்மலாகவோ, சில சமயம் லேசாக உயர்ந்தோகூட இருக்கும். உத்தரவு போடுபவரே படுத்துக்கிடக்கும்போது அவருடைய டி.எஸ்.எச்.-ஐப் பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?

ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ஊசி தொடங்கும் முன் ஃப்ரீ டி4 1.1, டி.எஸ்.எச். 2.0. மூன்று மாதம் கழித்து ஃப்ரீ டி4 0.8, டி.எஸ்.எச். 1.3. ஆய்வகத்தின் வரம்பு ஃப்ரீ டி4-க்கு 0.8 முதல் 1.8 என்றும் டி.எஸ்.எச்.-க்கு 0.4 முதல் 4.0 என்றும் அச்சாகியிருக்கிறது. ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தே இல்லை, எல்லாம் 'நார்மல்'. ஆனால் ஃப்ரீ டி4 கால் பங்குக்கு மேல் இறங்கியிருக்கிறது. ஆரோக்கியமான பிட்யூட்டரியாக இருந்தால் இவ்வளவு பெரிய இறக்கத்துக்கு டி.எஸ்.எச். ஏறியிருக்க வேண்டும், இங்கே அது இறங்கியிருக்கிறது. பிட்யூட்டரி நோய் உள்ளவருக்கு ஃப்ரீ டி4 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அது வரம்புக்குள்ளேயே நின்றாலும், மைய வகைத் தைராய்டு குறைவைச் சந்தேகிக்க வேண்டும். அறிகுறியும் சேர்ந்திருந்தால் மாத்திரை தொடங்குவதே முறை.

அதனால்தான் பழைய ரிப்போர்ட்டை வீசக்கூடாது. முடிந்தவரை ஒரே ஆய்வகத்திலேயே பரிசோதனை செய்யுங்கள். இடம் மாறினால் கருவியும் வரம்பும் மாறும். ஒப்பீடு பயனற்றுப் போகும்.

எந்தப் பரிசோதனையை எப்போது எடுக்க வேண்டும்?

ஊசி தொடங்கும் முன்: ஃப்ரீ டி4, டி.எஸ்.எச்., காலை 8 முதல் 9 மணிக்குள் கார்டிசால் (அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்), ஐ.ஜி.எஃப்.-1 (வளர்ச்சி ஹார்மோன் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுவது), வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. தொடங்கி 6 முதல் 8 வாரத்தில் ஃப்ரீ டி4-உம் ஐ.ஜி.எஃப்.-1-உம் மறுபடி. ஊசி அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதே இடைவெளி. அளவு நிலைபெற்ற பிறகு 6 அல்லது 12 மாதத்துக்கு ஒருமுறை போதும்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் ரத்தம் கொடுக்கும் அன்று மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகு போடவும். மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 செயற்கையாக உயர்ந்து தெரியும்; மைய வகைக்காரர்களுக்கு நம்பியிருப்பதே அந்த ஒரு எண்தான். முடி, நகத்துக்காக பயோட்டின் சாப்பிட்டால் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். பல கருவிகளில் அது ஃப்ரீ டி4-ஐ உயர்த்தியும் டி.எஸ்.எச்.-ஐத் தாழ்த்தியும் காட்டும்.

கை, கால் வீங்குகிறது. ஊசியா, தைராய்டா?

இரண்டும் வீக்கம் தரும், ஆனால் ஒரே மாதிரி அல்ல. வளர்ச்சி ஹார்மோன் சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்து வைக்கிறது. உப்போடு நீரும் தங்குகிறது. இது ஊசி தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய சில நாள், சில வாரத்துக்குள் வரும். காலையில் மோதிரம் கழலாது, சாக்ஸ் கழற்றினால் கணுக்காலில் ஆழமான தடம் தெரியும், எடை சில நாளில் ஓரிரு கிலோ கூடும். தைராய்டு வீக்கம் வேறு. தோலுக்கடியில் பசை போன்ற பொருள் சேர்ந்து நீரைப் பிடித்துக்கொள்வதால் வருவது. மாதக்கணக்கில் மெதுவாக வரும். கண் இமை, முகம், கைகளின் மேற்புறம் உப்பலாகத் தெரியும்.

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை: முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் மேல், கட்டைவிரலால் 10 விநாடி அழுத்தி எடுங்கள். குழி நின்றால் நீர்த்தேக்கம். ஊசியின் பக்கம் சந்தேகம் சாயும். குழி விழாமல் மாவுருண்டைபோல் திரும்பிவிட்டால் தைராய்டின் பக்கம். இது தீர்ப்பு அல்ல, துப்பு மட்டுமே. இதயம், சிறுநீரகக் கோளாறிலும் குழி விழும். மூச்சுத்திணறல் கூடவே இருந்தால் விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள்.

ஊசியால் வந்த வீக்கம் அளவைக் குறைத்தால் தணியும். பலருக்கு உடல் பழகியதும் தானாகவே போய்விடும். பெரியவர்களுக்கு மிகக் குறைந்த அளவில் தொடங்குவது இதனால்தான்: 30 வயதுக்குக் கீழே நாளுக்கு 0.4 முதல் 0.5 மி.கி., 30 முதல் 60 வரை 0.2 முதல் 0.3 மி.கி., 60-க்கு மேல் 0.1 முதல் 0.2 மி.கி. பிறகு ஒன்று அல்லது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 0.1 முதல் 0.2 மி.கி. வரை ஏற்றுவார்கள். எடையைக் கணக்கிட்டுப் பெரியவர்களுக்கு அதிகமாகக் கொடுத்த பழைய முறையில் வீக்கமும் மூட்டுவலியும் அதிகம்.

விரல்கள் மரத்துப்போய் இரவில் விழிப்பு வருகிறது. என்ன செய்வது?

மணிக்கட்டில் மீடியன் நரம்பு ஒரு குறுகிய குகை வழியாகப் போகிறது. குகைக்குள் திசு வீங்கினால் நரம்பு நசுங்கும். ஊசியும் இதைச் செய்யும், தைராய்டு குறைவும் செய்யும். இரண்டும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி வரை எறும்பு ஊர்வதுபோல இருக்கும், சுண்டுவிரல் தப்பிக்கும். தூக்கத்தில் எழுந்து கையை உதறினால் குறைந்தால் இதுதான் என்று ஏறக்குறைய உறுதி. சுண்டுவிரலும் சேர்ந்து மரத்தால் வேறு நரம்பையோ கழுத்தையோ பார்க்க வேண்டும்.

முதல் வேலை, ஃப்ரீ டி4-உம் ஐ.ஜி.எஃப்.-1-உம் ஒரே நாளில் எடுப்பது. ஐ.ஜி.எஃப்.-1 வயதுக்கான வரம்பின் உச்சியிலோ அதைத் தாண்டியோ இருந்தால் ஊசியைக் குறைக்க வேண்டும். அது நடுவில் இருந்து ஃப்ரீ டி4 அடியில் கிடந்தால் மாத்திரையைக் கூட்ட வேண்டும். அதுவரை இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை கட்டிக்கொள்ளுங்கள். அளவுகள் சரியானதும் பெரும்பாலும் தணியும். அதற்கு முன் கத்திக்கு அவசரப்பட வேண்டாம். ஆனால் கட்டைவிரல் அடியில் உள்ள சதைமேடு வற்றத் தொடங்கினாலோ பொருள்கள் கையிலிருந்து நழுவினாலோ காத்திருக்கக் கூடாது.

ஐ.ஜி.எஃப்.-1 ஏறவே இல்லை. ஊசி அளவைக் கூட்டலாமா?

முதலில் தைராய்டைப் பாருங்கள். ஐ.ஜி.எஃப்.-1 கல்லீரலில் உருவாகிறது. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அந்த உற்பத்தி மந்தமாகும். இந்த நிலையில் ஊசியைக் கூட்டிக்கொண்டே போனால் நடப்பது இது: அளவு 0.3, 0.5, 0.7 என்று ஏறும், ஐ.ஜி.எஃப்.-1 அசையாது. பிறகு யாரோ ஒருவர் ஃப்ரீ டி4 பார்த்து மாத்திரை தருவார். இரண்டு மாதத்தில் கல்லீரல் விழித்துக்கொள்ளும். ஏற்கெனவே கூட்டி வைத்த ஊசியின் முழுப் பலமும் ஒரேயடியாக இறங்கும். வீக்கம், மூட்டுவலி, தலைவலி எல்லாம் அப்போதுதான் வரும். புதிதாகத் தொடங்கிய தைராய்டு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று அதை நிறுத்திவிடுவார்கள். தவறு மாத்திரையிடம் இல்லை.

ஐ.ஜி.எஃப்.-1 ஏறாததற்கு வேறு காரணங்கள்: ஊசி தவறுவது, உறைந்து கெட்ட மருந்து, வாய்வழி ஈஸ்ட்ரோஜன், கல்லீரல் நோய், போதிய உணவின்மை. மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். குளிர்ப்பெட்டியின் பின்சுவரை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். உருகிய பிறகு பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் அது பயனில்லை. குலுக்கினாலும் புரதம் கெடும்.

குழந்தைக்கு ஊசி போட்டும் உயரம் கூடவில்லை. தைராய்டு காரணமாக இருக்குமா?

இருக்கலாம். வளர்ச்சி ஹார்மோன் குறைந்த குழந்தை முதல் வருடத்தில் நன்றாக எம்பும். பலருக்கு 8 செ.மீ.க்கு மேல். இரண்டாம் வருடத்திலிருந்து வேகம் கொஞ்சம் குறைவது இயல்பு. ஆனால் நன்றாக வளர்ந்துகொண்டிருந்த குழந்தை திடீரென்று நின்று, எடை மட்டும் ஏறினால் ஃப்ரீ டி4 பார்க்காமல் ஊசியைக் கூட்டக் கூடாது. உயரக்கோடு படுத்து எடைக்கோடு நிமிர்ந்தால், வளர்ச்சி அட்டவணையே தைராய்டைச் சுட்டிக்காட்டுகிறது என்று அர்த்தம்.

டர்னர் குறைபாடுள்ள (ஓர் எக்ஸ் குரோமோசோம் இல்லாத அல்லது குறையுள்ள) பெண்குழந்தைகளுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களுக்கு ஹாஷிமோட்டோ நோய் அதிகம் வருகிறது. எனவே ஊசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை தைராய்டு பார்ப்பது வழக்கம்.

குழந்தை நொண்டுகிறது, முழங்கால் வலிக்கிறது என்கிறது. வளர்ச்சி வலியா?

அப்படி நினைத்து விட்டுவிடாதீர்கள். தொடையெலும்பின் தலைப்பகுதி வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவும் ஒரு கோளாறு உண்டு. தைராய்டு குறைவில் அந்தத் தட்டு பலவீனமாகிறது. வளர்ச்சி ஹார்மோன் அதை வேகமாக வளரவைத்து அகலமாக்குகிறது. பலவீனமும் வேகமும் ஒரே இடத்தில் சேரும்போது ஆபத்து கூடுகிறது. உடல் பருமன் இருந்தால் மேலும்.

ஏமாற்றுவது என்னவென்றால், கோளாறு இடுப்பில், வலி முழங்காலில். முழங்காலை எக்ஸ்ரே எடுத்து 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுவதுண்டு. பாதம் வெளிப்பக்கம் திரும்பிய நடை, இடுப்பை உட்புறம் திருப்ப முடியாமை ஆகியவற்றைக் கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் குழந்தையை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டுபோய் இரண்டு இடுப்பையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். தவளைபோல் கால் விரித்த நிலையிலும் ஒரு படம் வேண்டும். ஹார்மோன் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு இரண்டு பக்கமும் நழுவுவது சாதாரணம். இதற்கு அறுவை சிகிச்சைதான். அந்த இடத்திலேயே திருகாணி போட்டு நிறுத்துவார்கள்.

முதுகெலும்பு வளைவு ஏற்கெனவே இருந்தால் வேகமாக வளரும் காலத்தில் அதுவும் கூடலாம். அது ஊசியால் உண்டாவதில்லை, வளர்ச்சியோடு விரிவது.

தலைவலி வந்தால்?

தொடக்கத்தில் லேசான தலைவலி பலருக்கு வரும், போகும். பயப்பட வேண்டியது வேறு வகை: படுத்தால், குனிந்தால், காலையில் எழுந்ததும் அதிகமாகும் வலி, வாந்தி, பார்வை மங்குவது, இரண்டு இரண்டாகத் தெரிவது. மண்டைக்குள் நீரழுத்தம் கூடியிருக்கலாம். பெரும்பாலும் ஊசி தொடங்கிய முதல் 8 வாரத்துக்குள் வரும். ஊசியை அன்றே நிறுத்திவிட்டுக் கண் மருத்துவரிடம் விழித்திரையைக் காட்ட வேண்டும். பார்வை நரம்பின் முனை வீங்கியிருந்தால் அழுத்தம் தணிந்த பிறகு குறைந்த அளவில் மறுபடி தொடங்கலாம்.

இங்கே தைராய்டும் வந்து குறுக்கிடுகிறது. நெடுநாள் தைராய்டு குறைவாக இருந்த குழந்தைக்கு மாத்திரை தொடங்கும் ஆரம்பக் காலத்திலும் இதே அழுத்தம் அரிதாக வந்திருக்கிறது. எனவே இரண்டு மருந்தையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். மாத்திரையைத் தொடங்கி, 6 முதல் 8 வாரத்தில் ஃப்ரீ டி4 சீரானதைப் பார்த்துவிட்டு, பிறகு ஊசிக்கு வரலாம்.

கார்டிசால் எதற்குப் பார்க்கச் சொல்கிறார்கள்?

இந்தப் பக்கத்தில் உயிரோடு விளையாடும் விஷயம் இதுதான். பிட்யூட்டரி பழுதானவருக்குக் கார்டிசாலும் குறைந்திருக்கலாம். தைராய்டு மாத்திரை கார்டிசாலை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றும். வளர்ச்சி ஹார்மோனோ, செயலற்ற கார்டிசோனைக் கார்டிசாலாக மாற்றும் நொதியை அடக்கும். ஒன்று செலவைக் கூட்டுகிறது, மற்றது வரவைக் குறைக்கிறது. ஏற்கெனவே கையிருப்பு குறைந்தவர் கவிழ்ந்துவிடுவார்: வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றி விழுதல், ரத்த அழுத்தம் சரிதல், சோடியமும் சர்க்கரையும் இறங்குதல்.

ஆகவே வரிசை மாறக்கூடாது. முதலில் கார்டிசால், பிறகு தைராய்டு, கடைசியில் வளர்ச்சி ஹார்மோன். காலைக் கார்டிசால் டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று எடுத்துக்கொள்ளலாம்; 15-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை; இடையில் இருந்தால் தூண்டல் பரிசோதனை தேவை. ஏற்கெனவே ஹைட்ரோகார்டிசோன் (கார்டிசாலை ஈடுகட்டும் மாத்திரை) எடுப்பவருக்கு ஊசி தொடங்கிய பிறகு அளவு போதாமல் போகலாம். கார்டிசோன் அசிடேட் மாத்திரை எடுப்பவருக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். அது அந்த நொதி வழியாக மாறினால்தான் வேலை செய்யும். ஊசி தொடங்கியபின் இனம்புரியாத அசதி என்றால் தைராய்டோடு இதையும் பாருங்கள்.

தைராய்டு மாத்திரை அளவு எவ்வளவு? எப்படிச் சாப்பிடுவது?

தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சின் பெரியவர்களுக்கு முழு அளவு என்றால் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம், 60 கிலோ எடைக்கு 100 வாக்கில் வரும். வயதானவர்கள், இதய நோயாளிகளுக்கு 12.5 அல்லது 25-இல் தொடங்கி மெதுவாக ஏற்ற வேண்டும். குழந்தைகளுக்கு எடைக்குக் கணக்கிட்டால் அளவு இன்னும் கூடுதல்.

வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு. காபியும் அதற்குப் பிறகுதான். காலையில் ஒத்துவராவிட்டால் இரவு உணவுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது. இரும்பு, கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி தேவை. ஊசிக்கும் மாத்திரைக்கும் இடைவெளி தேவையில்லை. ஒன்று தோலுக்கடியில் போகிறது, மற்றது குடல் வழியே.

மைய வகைக்காரர்களுக்கு ஃப்ரீ டி4 வரம்பின் மேல்பாதியில் இருக்குமாறு அளவை வைப்பார்கள். டி.எஸ்.எச். 0.1-க்குப் போய்விட்டது என்று யாராவது மாத்திரையைக் குறைக்கச் சொன்னால், உங்களுக்கு இருப்பது பிட்யூட்டரி கோளாறு என்பதை நினைவூட்டுங்கள். அந்த எண்ணை வைத்து அளவைக் குறைப்பதுதான் இந்தக் கூட்டத்துக்கு அடிக்கடி நடக்கும் தவறு. அதற்காக எல்லை மீறியும் ஏற்றக்கூடாது. ஓய்வில் நாடி 100-க்கு மேல், கைநடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத எடைக்குறைவு என்றால் அளவு அதிகம்.

சர்க்கரை ஏறுமா?

வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்வது. குடும்பத்தில் சர்க்கரை நோய், உடல் பருமன் உள்ளவர்களுக்கு ஏறும் வாய்ப்பு அதிகம். தைராய்டு சரியாகாத நிலையில் எச்.பி.ஏ.1.சி. உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். சிவப்பணுக்கள் புதிதாக உருவாவது குறைவதே காரணம். அந்தக் காலத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரையையே நம்புங்கள்.

ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, கருத்தடை மாத்திரை எடுக்கிறேன். ஏதாவது மாறுமா?

இரண்டு பக்கமும் மாறும். வாய்வழி ஈஸ்ட்ரோஜன் தைராய்டு ஹார்மோனைக் கட்டிவைக்கும் புரதத்தைக் கூட்டுவதால் லெவோதைராக்சின் அதிகம் தேவைப்படும். கல்லீரலில் ஐ.ஜி.எஃப்.-1-ஐயும் அடக்குவதால் ஊசியும் அதிகம் தேவைப்படும். தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை. மாத்திரையிலிருந்து பட்டைக்கு மாறினால், அல்லது அடியோடு நிறுத்தினால், பழைய அளவுகள் திடீரென்று அதிகமாகிவிடும். 6 முதல் 8 வாரத்தில் பரிசோதியுங்கள்.

கருத்தரித்தால் பொதுவாக ஊசியை நிறுத்திவிடுவார்கள். லெவோதைராக்சினை நிறுத்தவே கூடாது. 25 முதல் 30 சதவீதம் கூட்ட வேண்டிவரும்.

வாரம் ஒருமுறை போடும் ஊசிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். சொமாபசிட்டான், லோனபெக்சொமாட்ரோபின், சொமாட்ரோகான் ஆகியவை அந்த வகை. வித்தியாசம் ஐ.ஜி.எஃப்.-1 எடுக்கும் நாளில்தான். ஊசி போட்ட முதல் சில நாளில் அது உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். எந்த நாளில் எடுக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். அதைக் கேட்டு எழுதி வைத்து, ஒவ்வொரு முறையும் அதே நாளில் எடுங்கள்.

உடற்பயிற்சிக்கூடத்தில் வளர்ச்சி ஹார்மோனோடு டி3-யும் சேர்க்கச் சொல்கிறார்கள். சரியா?

சரியல்ல. 'ஹார்மோன் டி4-ஐக் குறைக்கிறது, அதனால் டி3 போட வேண்டும்' என்பது அரைகுறை உண்மை. குறைவது டி4, டி3 ஏற்கெனவே அப்படியே நிற்கிறது அல்லது ஏறியிருக்கிறது. அதன் மேல் இன்னும் டி3 போட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், தசை கரையும், எலும்பு தேயும். தசைக்காக ஊசி போட்டுவிட்டுத் தசையைக் கரைக்கும் மருந்தைச் சேர்ப்பது என்ன கணக்கோ தெரியவில்லை.

அளவையும் பாருங்கள். 1 மி.கி. என்பது 3 யூனிட். அங்கே சாதாரணமாகப் பேசப்படும் 6 யூனிட் என்பது 2 மி.கி.; நடுவயதுக்காரருக்கு மருத்துவர் தொடங்கும் அளவைப்போல் 7 முதல் 10 மடங்கு. இந்த அளவில் வீக்கமும் கை மரப்பும் சர்க்கரையும் வருவதில் வியப்பில்லை. நாளடைவில் தைராய்டு சுரப்பியே பருத்துக் கட்டிகள் தோன்றலாம். போட்டிகளில் பங்கேற்பவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் இருக்கிறது என்பது தனி.

பக்கவிளைவு வந்தால் நானே ஊசியை நிறுத்தலாமா?

பார்வை மங்கலோடு தலைவலி, குழந்தையின் நொண்டல், முதுகுவரை பாயும் கடும் வயிற்றுவலி, மூச்சுத்திணறல் என்றால் அன்றைய ஊசியை விட்டுவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள். லேசான வீக்கம், மூட்டுவலிக்கு மருத்துவரை அழைத்துக் கேட்டால் அளவைக் குறைத்துத் தருவார். ஓரிரு நாள் ஊசி தவறினால் பெரிய தீங்கில்லை; விட்டதை ஈடுகட்ட இரட்டிப்பாகப் போடாதீர்கள்.

ஹைட்ரோகார்டிசோன் எடுப்பவர் அதை ஒருவேளைகூட நிறுத்தக்கூடாது. வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் ஊசியாகக் கொடுக்கப்பட வேண்டும். தைராய்டு மாத்திரையையும் தானாக நிறுத்த வேண்டாம். அது உடலில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். அதனால் நிறுத்திய மறுநாள் நன்றாக இருப்பதுபோலத் தோன்றுவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. விளைவு மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் தெரியவரும். அதற்குள் ஊசியை மறுபடி தொடங்கியிருந்தால், பழி மறுபடியும் ஊசியின் மேல்தான் விழும்.